ஸ்பீட் டெஸ்ட் நல்லாயிருக்கு, வானிலைப் படம் ஏன் வரவில்லை?

நிலாவெளியில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: வீட்டில் ஃபைபர், ஸ்பீட் டெஸ்டில் 40 எம்பிபிஎஸ், ஆனால் ஏவிப்ஸ் என்ற அமெரிக்க வானிலை மென்பொருள் தொகுப்பில் படம் காட்டும் பகுதியான கேவை, அமெரிக்காவில் இருக்கும் அதன் தரவுச் சர்வரான ஈடெக்ஸோடு இணைத்து ஜிஎஃப்எஸ் (அமெரிக்காவின் உலக வானிலைக் கணிப்பு மாதிரி) மழைப் படத்தைத் திறந்தால் நிமிடக்கணக்கில் அப்படியே நிற்கிறது, கேவை அப்டேட் செய்ததில் இருந்து பிழைச் செய்தி வேறு, பெரிய பேக்கேஜுக்கு மாறட்டுமா?

வேண்டாம் தம்பி, காசை விடாதீர்கள். ஸ்பீட் டெஸ்ட் பெரும்பாலும் பக்கத்தில் உள்ள சர்வரோடுதான் அளக்கும். நீங்கள் பார்க்க வேண்டியது ஒரு கேள்வி அமெரிக்கா போய்ப் பதில் வர எடுக்கும் நேரம். ஃபைபரில் ஒளி செக்கனுக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீற்றர்தான் ஓடும். கேபிள் 15,000 கிலோமீற்றர் என்றாலே போய்வர 150 மில்லிசெக்கன், நடைமுறையில் இன்னும் கூடும். கேவ் ஒரு படத்தைக் கீற நேரம், வளிமண்டல உயர மட்டம், நிறம், தரவு என்று தனித்தனியாகக் கேட்கிற மென்பொருள். 250 மில்லிசெக்கன்படி 200 கேள்வி ஒன்றன்பின் ஒன்றாகப் போனால் காத்திருப்பே 50 செக்கன், பேக்கேஜை இரட்டிப்பாக்கினாலும் இது குறையாது. ஃபிரேம் (அடுத்தடுத்து ஓடும் படங்கள்) எண்ணிக்கையை நாலைந்தாகக் குறையுங்கள், கேள்விகளும் குறையும், வித்தியாசம் உடனே தெரியும்.

பிழைச் செய்தி வேறு கதை. கேவும் ஈடெக்ஸும் ஜாவா ஆப்ஜெக்ட்களை (ஜாவா நிரல்மொழியின் தரவுப் பொதிகள்) பரிமாறிக்கொள்வதால் இரண்டும் ஒரே முதன்மை வெர்ஷனில் (வெர்ஷன் எண்ணின் முதல் பகுதி) இருக்க வேண்டும், சர்வர் பழையதாக இருந்தால் கேவையும் பழையதுக்கே மாற்றுங்கள். மாற்றியதும் ஹோம் ஃபோல்டரில் உள்ள கேவ்டேட்டாவை அழித்துவிட்டுத் திறக்க வேண்டும், பழைய அமைப்புகள் அதில்தான் ஒட்டிக்கிடக்கும். வளாகத்து வலையமைப்பில் இருந்து பார்ப்பதென்றால் கேவ் சர்வரோடு பேசும் வாசல்களான 9581, 9582 போர்ட்கள் திறந்திருக்கிறதா என்றும் கேளுங்கள்.

ஆனால் திருகோணமலைக்கு மழை பார்ப்பதற்கு நான் இந்த வழியையே சொல்ல மாட்டேன். 2020 டிசம்பர் 2 இரவு புரெவி புயல் திரியாய், குச்சவெளிப் பக்கம் கரையேறியதே, அப்படியொரு இரவில் உறைந்த திரையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அமெரிக்க வானிலைத் தரவை இறக்கத் தரும் நோமட்ஸ் தளத்தின் கிரிப் ஃபில்டரில் (வேண்டிய பகுதியை மட்டும் வெட்டித் தரும் பக்கம்) வடக்கு 0 முதல் 20, கிழக்கு 70 முதல் 95 பாகை என்று வெட்டி, மழையும் காற்றும் மட்டும் இறக்குங்கள். கால் பாகைக்கு ஒரு புள்ளி வைக்கும் ஜிஎஃப்எஸ்ஸில் உலகம் முழுக்க 10 லட்சத்துக்கு மேல் புள்ளிகள், இந்தப் பெட்டிக்குள் 8,181தான். இறக்கியதை ஐடிவி என்ற இலவச வானிலைப் பட மென்பொருளில் திறந்தால் எல்லாம் உங்கள் டிஸ்கில் இருந்தே ஓடும், சர்வர் வெர்ஷன் தொல்லையும் இல்லை. ஜிஎஃப்எஸ்ஸின் 00 யூடிசி (உலகப் பொது நேரம்) கணிப்பு ஓட்டம் நமக்குக் காலை 5.30, கோப்புகள் 9 மணிவாக்கில்தான் வரத் தொடங்கும், அதற்கு முன் தேடினால் கிடைக்காது.