நாய் நடைத் தொழில்: வாடிக்கையாளர்கள் எங்கே இருக்கிறார்கள்?

கேள்வி: நாய்களைக் காலையிலும் மாலையிலும் நடைக்கு அழைத்துச் செல்லும் வேலையைத் தனியாகத் தொடங்கியிருக்கிறேன். ஃபேஸ்புக்கில் பணம் கட்டி விளம்பரம் செய்தேன். பலர் பாராட்டினார்கள், யாரும் அழைக்கவில்லை. இப்போது இருப்பவை இரண்டே வீடுகள். அவையும் ஆளுக்கொரு திசையில். கட்டணத்தைக் குறைத்தால் அக்கம்பக்கத்தில் ஆள் கிடைப்பார்களா?

பதில்: கட்டணத்தில் கை வைக்காதீர்கள். இதே வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்துவருபவள் நான். வீட்டில் ஆள் இல்லாத நேரத்தில் சாவியையும் நாயையும் ஒருவரிடம் ஒப்படைப்பவர், மலிவாகக் கிடைக்கிறதா என்று பார்ப்பதில்லை. இவரை நம்பலாமா என்றுதான் பார்க்கிறார்.

முதலில் எல்லையைச் சுருக்குங்கள். ஏறக்குறைய எல்லோருமே வேலைக்குப் போவதற்கு முன்பும் வந்த பின்பும்தான் நடை கேட்பார்கள். அந்தச் சில மணி நேரத்தில் பாதி பயணத்திலேயே போனால், எத்தனை வாடிக்கையாளர்கள் இருந்தாலும் தொழில் நிலைக்காது. உங்கள் வீட்டிலிருந்து நடந்தே பத்து நிமிடத்தில் எட்டக்கூடிய தெருக்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். கூகுள் வரைபடத்தில் உங்கள் தொழிலை இலவசமாகப் பதிவு செய்யலாம். வீட்டு முகவரியை மறைத்துவிட்டு, சேவை செய்யும் பகுதியை மட்டும் காட்டும் வசதியும் அதில் உண்டு.

அடுத்து, அருகிலுள்ள கால்நடை மருத்துவரிடம் போங்கள். இதுதான் நான் மிகவும் நம்பும் வழி. நாயின் எடை கூடிவிட்டது, தினமும் நடக்க வையுங்கள் என்று மருத்துவர் சொல்லும்போது, அதற்கு யார் இருக்கிறார்கள் என்று உரிமையாளர் கலங்கி நிற்பார். மூட்டுவலியால் அவதிப்படும் முதியவர், கர்ப்பிணி, அறுவை சிகிச்சை முடிந்து தேறிவருபவர் எல்லோரும் தங்கள் நாயோடு அந்த அறைக்கு வருபவர்கள்தான். அந்த நேரத்தில் மருத்துவரின் நினைவுக்கு உங்கள் பெயர் வர வேண்டும். கூட்டமில்லாத வேளையில் போய் அறிமுகம் செய்துகொள்ளுங்கள். ரேபிஸ் உள்ளிட்ட தடுப்பூசிகள் போட்ட நாய்களை மட்டுமே ஏற்பேன், நடையில் நொண்டலோ வயிற்றுப்போக்கோ தெரிந்தால் உடனே உரிமையாளரிடம் சொல்வேன் என்று சொல்லுங்கள். விசிட்டிங் கார்டை மேசையில் வைத்துவிட்டு வருவதைவிட இந்த இரண்டு வாக்கியங்கள் அதிகம் பேசும். நாய்களுக்கு முடி வெட்டும் நிலையங்களுக்கும் இது பொருந்தும்.

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் எந்த வீட்டில் நாய் பகலெல்லாம் குரைக்கிறது என்பது காவலாளிக்குத் தெரியும். சங்கச் செயலாளரிடம் அனுமதி பெற்றுக்கொண்டு அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டுங்கள். அதில் பெயர், தொலைபேசி எண், செல்லும் தெருக்கள், நேரம் போதும்.

யாராவது அழைத்துவிட்டால், முதல் சந்திப்பை இலவசமாக வைத்துக்கொள்ளுங்கள். நாயை நோக்கி நீங்கள் போகாதீர்கள். பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து, அதுவாக வந்து முகரும்வரை காத்திருங்கள். அந்தப் பொறுமையைத்தான் உரிமையாளர் கவனித்துக்கொண்டிருப்பார். பிறகு கேளுங்கள்: எதைக் கண்டால் மிரளும், கழுத்துப்பட்டையிலிருந்து தலையை உருவிக்கொள்ளுமா, எந்தத் தின்பண்டம் ஆகாது, அவசரத்துக்கு எந்த மருத்துவர்? பதில்களை அவர் எதிரிலேயே எழுதிக்கொள்ளுங்கள். சாவி எங்கே இருக்கும், யார் தொடுவார்கள் என்பதை அவர் கேட்பதற்கு முன் நீங்களே சொல்லிவிடுங்கள்.

நடை முடிந்ததும் புறப்பட்ட நேரம், திரும்பிய நேரம், மலம், சிறுநீர், தண்ணீர் குடித்ததா என்ற விவரங்களோடு ஒரு படம் அனுப்புங்கள். அவர் அதைப் பக்கத்து வீட்டில் காட்டுவார். இரண்டாவது அழைப்பு அங்கிருந்துதான் வரும். ஆனால் வீட்டு வாசலோ நேரமோ தெரியும் படத்தைப் பொதுவில் போடாதீர்கள். அந்த வீட்டில் எப்போது ஆள் இருப்பதில்லை என்பதை ஊருக்கே சொல்வதாகிவிடும்.

தெருவில் உங்களைப் பார்க்கிறவர்களும் நாளைய வாடிக்கையாளர்களே. ஒரு கையில் கைப்பேசியும் மறு கையில் நான்கு கயிறுகளுமாக நடப்பவரிடம் நான் என் நாயைத் தர மாட்டேன். தொடக்கத்தில் ஒரு நேரத்தில் ஒரு நாய் போதும். கழிவை அள்ளும் பை இல்லாமல் வாசல் தாண்டாதீர்கள்.

கேள்வி: புதிதாகக் கிடைத்த ஒரு வாடிக்கையாளர், தன் பக் நாயை நண்பகலில்தான் அழைத்துச் செல்ல வேண்டும் என்கிறார். கடும் வெயில். மறுத்தால் போய்விடுவாரோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: மறுத்தே ஆக வேண்டும். நாய்கள் பெரும்பாலும் மூச்சிரைத்துத்தான் உடல் சூட்டைத் தணித்துக்கொள்கின்றன. பக், புல்டாக் போன்ற தட்டை மூக்கு இனங்களுக்குச் சுவாசப் பாதையே குறுகல் என்பதால் சூடு சரியாகத் தணியாது. வெப்பத் தாக்கு அவற்றின் உயிரையே எடுத்துவிடும். புறங்கையைத் தார்ச் சாலையில் வைத்து ஏழு நொடி தாங்க முடியாவிட்டால், நாயின் பாதமும் புண்ணாகும். அவரை நேரில் அழைத்து இதைச் செய்து காட்டுங்கள். கூடவே மாற்று வழியையும் சொல்லுங்கள்: நண்பகலில் சிறுநீர் கழிக்க நிழலில் சில நிமிடங்கள், மீதி நேரம் வீட்டுக்குள் மோப்ப விளையாட்டு, தண்ணீர் மாற்றுதல், நீண்ட நடை அதிகாலையில். கட்டணம் அதேதான். இவ்வளவு சொல்லியும் ஏற்காதவரென்றால், அந்த வேலையை விட்டுவிடுங்கள்.