விரலில் கருவி இருக்கையில் நெற்றியில் பட்டை எதற்கு?

கேள்வி: என் நான்கு வயது மகனுக்கு நுண்துளை அறுவை சிகிச்சை செய்யவிருக்கிறார்கள். வயிற்றில் வாயு நிரப்புவார்களாம். மூளையின் ஆக்சிஜனைக் கண்காணிக்க நெற்றியில் ஒரு பட்டையும் ஒட்டுவார்களாம். விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் போதாதா? மூளைக்கு ஆபத்து ஏதும் உண்டா?

பதில்: உங்கள் கவலை நியாயமானது. ஆயினும், அந்தப் பட்டை முன்னெச்சரிக்கைக்காகவே ஒட்டப்படுகிறது. அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

கேமராவும் கருவிகளும் இயங்க இடம் வேண்டி வயிற்றில் செலுத்தப்படுவது கரியமில வாயு. அது எரியாது; ரத்தத்தில் எளிதில் கரைந்து மூச்சு வழியே வெளியேறிவிடும். ஆனால் ரத்தத்தில் அதன் அளவு கூடினால் மூளையின் ரத்த நாளங்கள் விரிந்து, மண்டைக்குள் அழுத்தம் உயரக்கூடும். வயிற்றில் ஏறும் அழுத்தமோ இதயத்துக்குத் திரும்பும் ரத்தத்தைக் குறைக்கலாம். ஆகவேதான் பெரியவர்களுக்கு வழக்கமாக 12 முதல் 15 மி.மீ. பாதரச அளவுக்கு ஏற்றப்படும் அழுத்தம், சிறு குழந்தைகளுக்கு அதைவிடக் குறைவாக வைக்கப்படுகிறது.

மயக்க மருத்துவர் ஒவ்வொரு வெளிமூச்சிலும் கரியமில வாயுவை அளந்து, எண் ஏறினால் வென்டிலேட்டரில் மூச்சின் வேகத்தைக் கூட்டுவார். அளவுக்கு மீறிக் கூட்டிவிட்டால், வாயு மிகவும் குறைந்து நாளங்கள் சுருங்கி, மூளைக்குச் செல்லும் ரத்தமே குறைந்துவிடும். அந்நிலையிலும் விரலிலுள்ள கருவி 99 என்று காட்டிக்கொண்டிருக்கலாம். ஏனெனில் அது துடிக்கும் தமனி ரத்தத்தின் ஆக்சிஜனை மட்டுமே அளக்கிறது. நெற்றிப் பட்டை அனுப்பும் அண்மை அகச்சிவப்பு ஒளியோ மண்டையோட்டைக் கடந்து, பெரும்பாலும் சிரை ரத்தத்தை, அதாவது மூளை பயன்படுத்தியபின் எஞ்சிய ஆக்சிஜனைக் காட்டுகிறது. இந்த வழியை உடலியங்கியல் அறிஞர் ஃபிரான்ஸ் யோப்சிஸ் 1977-இல் வெளியிட்டார்.

நெற்றிப் பட்டையில் 60 முதல் 80 வரையிலான எண்களே பொதுவாக இயல்பு. 70 என்று கண்டு பதற வேண்டாம். மயக்கத்துக்கு முன் குழந்தைக்கு இருந்த அளவிலிருந்து எவ்வளவு இறங்கியது என்பதே முக்கியம். சுமார் 20 சதவீதம் இறங்கினால் மூச்சுக்குழாய், ரத்த அழுத்தம், கழுத்தின் நிலை ஆகியவற்றைச் சரிபார்ப்பார்கள். தேவைப்பட்டால் வாயுவை வெளியேற்றச் சொல்வார்கள்.

இதில் ஊசியோ எக்ஸ்ரே கதிர்வீச்சோ கிடையாது. பட்டைக்கு நேர் கீழுள்ள முன்மூளைப் பகுதியை மட்டுமே அது காண்கிறது என்பது அதன் குறை. ஆரோக்கியமான குழந்தைக்குச் செய்யும் குறுகிய அறுவை சிகிச்சைக்கு இது கட்டாயமும் அன்று. உங்கள் மகன் குறைமாதத்தில் பிறந்தவரா, இதயக் கோளாறோ வலிப்போ உண்டா, மூளைநீர் வடிக்கும் குழாய் பொருத்தப்பட்டுள்ளதா என்பதை மயக்க மருத்துவரிடம் தவறாமல் சொல்லிவிடுங்கள்.