மேடைக்கு அருகிலா, பிள்ளைகளுக்கு அருகிலா?

கேள்வி: நான் பங்குப் பணியில் இருக்கும் குரு. 2027 ஆகஸ்டில் சியோலில் நடக்கும், கத்தோலிக்க இளைஞர்கள் திருத்தந்தையோடு கூடும் உலக இளையோர் நாளுக்கு எங்கள் பங்கின் இளைஞர்கள் பதினான்கு பேருடன் போகிறேன். நிறைவுத் திருப்பலியில் திருத்தந்தையோடு கூட்டுத் திருப்பலி நிறைவேற்ற வேண்டும் என்பது குருமட நாள்களிலிருந்தே என் ஆசை. பிள்ளைகளோ, "ஃபாதர், நீங்க எங்ககூடவே இருங்க" என்கிறார்கள். குருக்களின் பகுதிக்குப் போனால் அவர்களை விட்டுவிட்டுப் போன மாதிரி இருக்கும். போகாவிட்டால், குருவாக இருந்தும் கூட்டத்தில் ஒருவனாக நின்றுவிட்டு வந்தேனே என்று இருக்கும். என்ன செய்யட்டும்?

பதில்: அன்புள்ள ஃபாதர், உங்கள் ஆசையில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் அங்கே நிலவரம் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டு ஆசைப்படுங்கள். 2023-ல் லிஸ்பனில் நடந்த நிறைவுத் திருப்பலிக்கு வந்தவர்கள் சுமார் 15 லட்சம் பேர். 1995-ல் மணிலாவில் கூட்டம் வழியையே அடைத்துவிட்டதால், திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் ஹெலிகாப்டரில்தான் வந்து சேர முடிந்தது. இப்படிப்பட்ட திருப்பலிகளில் குருக்களே ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். அவர்கள் பகுதியில் உட்கார்ந்தாலும் திருத்தந்தையைப் பெரும்பாலும் திரையில்தான் பார்ப்பீர்கள். பிள்ளைகள் பார்ப்பதும் அதே மாதிரித் திரையைத்தான்.

ஆகவே 'அருகில் இருப்பது' என்பதைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். மிஞ்சுவது, அவரோடு ஒரே பலியை ஒப்புக்கொடுப்பது. அது பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் அது கட்டாயம் இல்லை. கூட்டுத் திருப்பலியில் சேர்வதைத் திருச்சபைச் சட்டம் 902 குருவின் விருப்பத்துக்கே விட்டிருக்கிறது.

நான் பார்ப்பது வேறொன்றை. இளையோர் நாளில் முந்தின இரவு திருவிழிப்பு என்ற இரவு வழிபாடு, அப்புறம் அதே திடலில் படுக்கை, விடிந்ததும் திருப்பலி என்பதுதான் வழக்கம். குருக்களின் பகுதிக்குப் போக வேண்டுமானால் திருப்பலிக்கு வெகு நேரம் முன்பே கிளம்ப வேண்டும். முடிந்தபின் லட்சக்கணக்கானோர் ஒரே நேரத்தில் வெளியேறும்போது உங்கள் பதினான்கு பேரைத் திரும்பக் கண்டுபிடிக்க வேண்டும். மொழி தெரியாத ஊர், ஆகஸ்ட் வெயில், சிக்னல் கிடைக்காத செல்போன். நம்பிக்கையான வேறு பெரியவர்கள் இரண்டு பேராவது குழுவில் இருந்தால், சந்திக்கும் இடத்தை முதலிலேயே பேசிவைத்துவிட்டுத் தாராளமாகப் போங்கள். உங்களை விட்டால் வேறு பெரியவர் இல்லை என்றால் யோசிக்கவே வேண்டாம், பிள்ளைகளோடு இருங்கள். அவர்களுடைய பெற்றோர் உங்களை நம்பித்தானே அனுப்புகிறார்கள்.

2011-ல் மாட்ரிட்டில் நடந்தது தெரிந்திருக்கும். திருவிழிப்பு இரவில் புயல் அடித்து, நற்கருணைக்காகப் போட்டிருந்த கூடாரங்கள் சேதமாயின. மறுநாள் பெரும்பாலானவர்களுக்கு நற்கருணை வழங்க முடியவில்லை. அவ்வளவு தூரம் வந்த பிள்ளைக்கு அது எப்படிப்பட்ட ஏமாற்றம்! அந்த நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகப் பேச ஒரு குரு இருப்பது சின்ன வேலையா?

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழியைச் சிலர் கண்டுபிடிப்பதுண்டு. கூட்டத்தில் நின்றபடியே ஸ்டோலை (குருக்கள் கழுத்தில் அணியும் நீளத் துணிப்பட்டையை)ப் போட்டுக்கொண்டு, கூட்டுத் திருப்பலியில் சேர்ந்தவர்களைப் போலக் கையை நீட்டுவது. அது மட்டும் வேண்டாம். சேர்வதென்றால் முன்பே பதிவு செய்து, வெள்ளை அங்கியும் ஸ்டோலும் அணிந்து, குருக்களுக்கென ஒதுக்கிய இடத்தில் சேருங்கள். திருப்பலியில் குருக்கள் சேர்ந்து சொல்லும் நற்கருணை மன்றாட்டு லத்தீனில் இருக்கக்கூடும். வாய்விட்டு நாலு தடவை படித்துப் பழகிக்கொள்ளுங்கள். சேரவில்லை என்றால் பிள்ளைகளோடு நின்று ஜெபித்துவிட்டு, தங்குமிடத்தில் மாலையில் அவர்களுக்கென்று ஒரு திருப்பலி வையுங்கள். திடலில் காதில் விழாத மறையுரையை அங்கே உட்கார்ந்து பேசலாம். என்னைக் கேட்டால், அவர்களுக்கு நெடுநாள் நினைவில் நிற்பது அதுவாகத்தான் இருக்கும்.

"குருவாக இருந்தும்" என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்கும் ஒரு வார்த்தை. இந்த நிகழ்வுகளில் குருக்களுக்கு உண்மையில் பெரிய வேலை ஒப்புரவு அருட்சாதனம், அதாவது பாவசங்கீர்த்தனம் கேட்பதுதான். 2025 இளையோர் யூபிலியில் ரோமின் சிர்க்கோ மாசிமோ திடலில் ஒரே நாளில் சுமார் 1,000 குருக்கள் உட்கார்ந்து பாவசங்கீர்த்தனம் கேட்டார்கள். உங்கள் ஆயர் உங்களுக்குக் கொடுத்த அதிகாரம், அந்த ஊர் ஆயர் தடுக்காதவரை, சட்டம் 967-ன்படி அங்கேயும் செல்லும். தமிழில் பாவசங்கீர்த்தனம் செய்ய விரும்பி, குருவைத் தேடும் இளைஞர்கள் அங்கே நிச்சயம் இருப்பார்கள். பெயரைக் கொடுத்துவையுங்கள்.

அப்புறம், செலிபிரெட், அதாவது வெளியூரில் திருப்பலி வைக்க உங்களைக் குரு என்று அறிமுகப்படுத்தும் கடிதம். சட்டம் 903 கேட்பது ஓராண்டுக்குள் வழங்கப்பட்ட கடிதத்தை. பெட்டியில் கிடக்கும் பழையதை நம்பாமல், 2027-லேயே ஆயரகத்தில் புதிதாக ஒன்று வாங்கிவிடுங்கள்.