11 சதவீதம்: வரியா, சேமநிதியா?

கேள்வி: மாதச் சம்பளம் 6,500 வெள்ளி (மலேசிய ரிங்கிட்). பள்ளியில் படிக்கும் பிள்ளை ஒன்று. நான் 11 சதவீத வரிப் படியில் இருக்கிறேனாம். அப்படியானால் ஆண்டுக்கு 8,580 வெள்ளி வரியா? (வாசகி, பட்டர்வொர்த்)

பதில்: இல்லைங்க. 8,580 வெள்ளி உங்கள் இ.பி.எஃப். (ஊழியர் சேமநிதி) பிடித்தம். அதுவும் 11 சதவீதம் என்பதால் பலர் குழம்புகிறார்கள். அது உங்கள் சேமிப்பு, வரி அல்ல.

2025 மதிப்பீட்டு ஆண்டுக்குப் போட்டுப் பார்ப்போம். முதலாளி தரும் ஆண்டுச் சம்பள அறிக்கையான இ.ஏ. பாரத்தில் உள்ள மொத்தச் சம்பளம் 78,000. இதில் கழிய வேண்டியவை: தனிநபர் கழிவு 9,000, இ.பி.எஃப். 4,000, சொக்சோ (சமூகப் பாதுகாப்புச் சந்தா) 350, பிள்ளைக்கு 2,000. இ.பி.எஃப்.புக்கு உச்சவரம்பு 4,000தான். 8,580ஐ முழுசாகப் போடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. பிள்ளைக் கழிவைக் கணவர் எடுத்திருந்தால் நீங்கள் எடுக்க முடியாது. புத்தகம், கைப்பேசி, இணையக் கட்டணம் போன்றவற்றுக்கு ரசீது இருந்தால் இன்னும் 2,500 வரை கழிக்கலாம். அதையும் முழுசாக எடுத்தால் எல்லாம் சேர்த்து 17,850. மிஞ்சுவது 60,150.

வரி அட்டவணைப்படி முதல் 50,000க்கு வரி 1,500. மேலே உள்ள 10,150க்கு மட்டுமே 11 சதவீதம், அதாவது 1,116.50. ஆக மொத்த வரி 2,616.50. இதை 78,000ஆல் வகுத்து 100ஆல் பெருக்குங்கள்: 3.35 சதவீதம். 60,150ஆல் வகுத்தால் 4.35 வரும். ஆனால் சம்பாதித்ததில் எவ்வளவு போனது என்று அறிய மொத்தச் சம்பளத்தால் வகுப்பதே சரி.

மாதாமாதம் சம்பளத்தில் பிடிக்கும் வரியான பி.சி.பி.யை வைத்துச் சதவீதம் பார்க்காதீர்கள். அது முன்பணம். போனஸ் மாதத்தில் எகிறும். கூடுதலாகப் பிடித்தது இ-ஃபைலிங் (இணையத்தில் வரிப் பாரம் அனுப்புவது) செய்தபின் திரும்பி வரும்.

கேள்வி: சம்பளம் உயர்ந்து 19 சதவீதப் படிக்குப் போனால் கைக்கு வருவது குறையுமா? (வாசகர், செந்தூல்)

பதில்: குறையாது. கழிவுகள் போக வருமானம் 70,000லிருந்து 71,000 ஆனால், கூடிய 1,000க்கு மட்டும் 190 வெள்ளி வரி. பழைய 70,000க்கு அதே 3,700தான். இதற்குப் பயந்து சம்பள உயர்வையோ ஓவர்டைமையோ வேண்டாமென்று சொல்லிவிடாதீர்கள்.

ஓர் இடத்தில் மட்டும் உங்கள் பயம் நியாயமானது. வரிக்குரிய வருமானம் (கழிவுகள் போக மிஞ்சுவது) 35,000ஐத் தாண்டாதவர்களுக்கு 400 வெள்ளி வரித் தள்ளுபடி உண்டு. சரியாக 35,000 என்றால் வரி 600, தள்ளுபடி போக 200. ஒரு வெள்ளி கூடினாலும் அந்த 400 முழுசாகப் போய்விடும். 35,040ல் நிற்பவருக்கு வரி 602.40. அவர் கையில் கணக்கில் சேர்க்காத 40 வெள்ளிப் புத்தக ரசீது ஒன்று இருந்தால் வரி 200க்கு இறங்கிவிடும். அந்த எல்லைக்கு அருகில் இருப்பவர்கள் பாரத்தை அனுப்புமுன் ரசீதுகளை இன்னொரு தடவை தேடிப் பாருங்கள். அனுப்பிய பிறகும் அவற்றை 7 ஆண்டு பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.