ஏதென்ஸில் ஏறுவதா, பார்சலோனாவில் ஏறுவதா?

அன்பின் தம்பிக்கு,

நாங்கள் பாசையூர் ஆக்கள். எனக்கு 66 வயது, மனைவிக்கு 63. லண்டனில் இருக்கிற மகள் எங்களை மத்தியதரைக் கடலில் கப்பற் பயணம் கூட்டிப்போக நிற்கிறாள். ஒரே கப்பல், ஒரே துறைமுகங்கள், இரண்டு தெரிவுகள். முதலாவது, 2026 செப்டெம்பர் 12 சனிக்கிழமை பார்சலோனாவில் வெளிக்கிட்டு மார்செய், லிவோர்னோ, சிவிற்றாவெக்கியா, நேப்பிள்ஸ், ஒரு நாள் கடல், பிறகு சன்ரொரினி, குசாடாசி, மிக்கோனோஸ் என்று போய் 21ஆம் திகதி திங்கட்கிழமை ஏதென்ஸின் பிரேயஸ் துறைமுகத்தில் முடிகிறது. மற்றது அதே 21ஆம் திகதி பிரேயஸில் தொடங்கி, வந்த வழியே திரும்பி, 30ஆம் திகதி புதன்கிழமை பார்சலோனாவில் முடிகிறது. கிழக்கே போனால் நித்திரை குறையும், மேற்கே போனால் கூடும், ஆகவே மேற்குத்தான் நல்லது என்கிறார் மருமகன். கட்டணம் கொஞ்சம் குறைவென்று மகளுக்கு முதலாவதில் விருப்பம். மனைவிக்கு முழங்கால் நோ. அவவின் ஒரே ஆசை ரோமில் புனித பேதுரு பேராலயம். எந்தப் பக்கம் போகலாம்?

ஒரு வாசகர், பாசையூர்

அன்பின் ஐயா,

மேற்கே போங்கள். ஆனால் மருமகன் சொல்லும் காரணத்துக்காக அல்ல.

ஸ்பெயின், பிரான்ஸ், இத்தாலி மூன்றுக்கும் ஒரே நேரம். கிரேக்கமும் துருக்கியும் செப்டெம்பரில் அதைவிட 1 மணித்தியாலம் முன்னால் நிற்கும். முழுப் பயணத்திலும் மாறுவது அந்த ஒரு மணித்தியாலம்தான். மேற்கே போகையில் அது கடல் நாளன்று இரவு உங்களுக்குக் கூடுதல் நித்திரையாகக் கிடைக்கும், கிழக்கே போகையில் பறிபோகும். அத்திலாந்திக்கைக் கடக்கிற கப்பல் என்றால் ஐந்தாறு மணித்தியாலம் மாறும், அங்கே மருமகனின் கணக்குப் பெரிய கணக்கு. இங்கே அது கடைசியாகப் பார்க்க வேண்டியது.

முதலில் பார்க்க வேண்டியது, களைத்த உடம்போடு எந்த நாட்களைச் சந்திக்கப் போகிறீர்கள் என்பது. யாழ்ப்பாணத்திலிருந்து இரவிரவாகக் கட்டுநாயக்கா, அங்கிருந்து வளைகுடாவில் ஒரு மாறல், பிறகு ஐரோப்பா. இறங்கும்போது கால் வீங்கியிருக்கும், பின்னேரம் 7 மணிக்கே கண் சொருகும், நடுச்சாமத்தில் விழிப்பு வரும். கிழக்குப் பயணத்தில் இந்த நிலையில் மார்செய், லிவோர்னோ, சிவிற்றாவெக்கியா, நேப்பிள்ஸ் என்று 4 நாளும் தொடர்ந்து கரை. அதிலும் இத்தாலியத் துறைமுகங்கள் பெயருக்குத்தான் புளோரன்ஸ், ரோம். லிவோர்னோவிலிருந்து புளோரன்ஸ் ஏறத்தாழ 90 கிலோமீற்றர், சிவிற்றாவெக்கியாவிலிருந்து ரோம் 70க்கு மேல். விடிய 6 மணிக்கு எழும்பி, பஸ்ஸில் குந்தி, கல் பாவிய தெருக்களில் நடந்து, இருட்டத் திரும்பும் நாட்கள் அவை. கடல் நாள் வருவது எல்லாம் முடிந்த பிறகு.

மேற்குப் பயணத்தில் இந்த ஒழுங்கு தலைகீழாகிறது. மிக்கோனோஸில் ஊர் துறைமுகத்துக்குக் கிட்ட. குசாடாசியில் கப்பல் கரையிலேயே கட்டும், எபேசு இடிபாடுகள் ஏறத்தாழ 20 கிலோமீற்றர். (மேல் வாசலால் உள்ளே போய்க் கீழ் வாசலால் வெளியே வருகிற சுற்றுலாவைக் கேட்டு எடுங்கள், அப்போது பெரும்பாலும் இறக்கம். மரியன்னையின் வீடு என்று வணங்கப்படும் இடமும் அதற்குக் கிட்டத்தான், அக்கா அதை விடமாட்டா.) பிறகு சன்ரொரினி, பிறகு கடல் நாள். அதற்குள் உடம்பு ஐரோப்பிய நேரத்துக்கு வந்துவிடும். முழங்காலுக்கும் ஒரு முழு நாள் ஆறுதல். அதன் பிறகு இத்தாலி.

இந்த ஒழுங்கில் முழங்காலுக்குச் சிக்கலான இடம் சன்ரொரினி ஒன்றுதான், அது இரண்டு பயணத்திலும் உண்டு. அங்கே கப்பல் கரையில் கட்டுவதில்லை. எரிமலைக் கிண்ணத்துக்குள் நிற்கும், சிறு படகில் இறக்குவார்கள். படகு மேலும் கீழும் ஆடுகையில் மாலுமி கையைப் பிடித்து, “இப்ப” என்னும்போது காலை எடுத்து வைக்க வேணும். அந்த ஒரு எட்டுத்தான் முழங்காலுக்குச் சோதனை. படகு விடும் பழைய துறையிலிருந்து மேலே பிரா ஊருக்கு ஏறத்தாழ 600 படி, அல்லது கேபிள் கார். கேபிள் கார் சில நிமிடத்தில் ஏறிவிடும், ஆனால் இரண்டு மூன்று கப்பல் ஒரே நாளில் வந்தால் கியூவில் ஒரு மணித்தியாலத்துக்கு மேலும் நிற்க நேரும். கழுதையை நினைக்கவே வேண்டாம். கப்பல் கம்பனியின் சுற்றுலாக்களில் பல, ஆக்களை அதினியோஸ் என்ற மற்றத் துறையில் இறக்கிப் பஸ்ஸில் மேலே ஏற்றும். அப்படியானதை எடுத்தால் ஏறும் கியூ இல்லை. இறங்கும்போது கேபிள் காருக்குக் கடைசிப் படகு நேரத்துக்கு ஒன்றரை மணித்தியாலம் முன்னரே வந்துவிடுங்கள்.

இனிக் கிழமை. நாட்காட்டியை எடுத்து ஒவ்வொரு துறைமுகத்துக்கும் நேரே கிழமையை எழுதிப் பார்க்காமல் திசையைத் தெரிவு செய்யக்கூடாது. கிழக்குப் பயணத்தில் ரோம் செப்டெம்பர் 15, செவ்வாய். மேற்குப் பயணத்தில் 27, ஞாயிறு. வத்திக்கான் அருங்காட்சியகம் ஞாயிறுகளில் பூட்டு, சிஸ்ரைன் சிற்றாலயமும் அதற்குள்தான். மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் விதிவிலக்கு: காசில்லாமல் விடுவார்கள், 12.30க்குப் பிறகு உள்ளே விடமாட்டார்கள், 2 மணிக்குப் பூட்டு. 27 கடைசி ஞாயிறுதான். இருந்தாலும் சந்தோசப்படாதீர்கள். கப்பலில் இருந்து வருகிறவர் வத்திக்கான் வாசலுக்கு வரவே 10 மணியாகும், அந்த நேரம் இலவச நாள் வரிசை மதிலைச் சுற்றி நிற்கும். முழங்கால் நோவோடு அதில் நிற்பது தண்டனை.

ஆனால் அக்காவின் ஆசை பேராலயம். அது ஞாயிறும் திறந்திருக்கும், திருப்பலிகளும் உண்டு. பாப்பரசர் ரோமில் நிற்கும் ஞாயிறுகளில் மதியம் 12 மணிக்கு யன்னலில் தோன்றி மூவேளைச் செபம் சொல்லி ஆசீர்வதிப்பார். சதுக்கத்தில் நிற்க அனுமதிச்சீட்டுத் தேவையில்லை. செவ்வாயில் போனால் வரிசை குறைவு, அருங்காட்சியகமும் திறந்திருக்கும், ஆனால் பாப்பரசரைக் காண வழியில்லை. ஆகவே அக்காவிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: சிஸ்ரைன் சிற்றாலயமா, ஞாயிறு ஆசீர்வாதமா? முதலாவது என்றால் நான் மேலே எழுதியதை எல்லாம் தள்ளிவைத்துவிட்டுக் கிழக்கே போகலாம், அது ஒன்றுக்காக மட்டும். சில ஞாயிறுகளில் சதுக்கத்தில் பெரிய திருப்பலி வைப்பார்கள், அன்று காலையில் பேராலயத்துக்குள் விடமாட்டார்கள். வத்திக்கானின் நாட்காட்டியைப் பயணத்துக்கு ஒரு மாதம் முன் பாருங்கள்.

அந்த ஞாயிறை எப்படி ஓட்டுவது என்றும் சொல்லிவிடுகிறேன். கப்பல் 7 மணிக்குக் கட்டி 19 மணிக்கு வெளிக்கிடுகிறது என்று வையுங்கள். ஏறி முடிக்க வேண்டிய நேரம் பெரும்பாலும் 18.30. காலை 7.30க்கு இறங்கித் துறைமுகப் பஸ்ஸில் லார்கோ டெல்லா பாச்சே என்ற பஸ் தரிப்பிடம், அங்கிருந்து ரயில் நிலையத்துக்கு இன்னொரு பஸ் (20 நிமிட நடையை முழங்காலுக்கு மிச்சம் பிடியுங்கள்). ரோமின் பெரிய நிலையமான ரெர்மினி வரை போக வேண்டாம், ரோமா சான் பியற்றோ நிலையத்தில் இறங்குங்கள். பிராந்திய ரயிலில் ஏறத்தாழ 50 நிமிடம், அங்கிருந்து பேராலயம் கிட்டத்தான். கடதாசி ரிக்கற் என்றால் ஏறுமுன் மேடையில் உள்ள மெசினில் முத்திரை குத்த வேணும், குத்தாவிட்டால் தண்டப்பணம். தோளும் முழங்காலும் மூடிய உடுப்பு. திரும்ப 15.30 ரயிலுக்குப் பிந்தக்கூடாது. அது தவறி அடுத்ததில் வந்தாலும் கப்பலைப் பிடிக்கலாம், அதற்கும் பிந்தினால் இல்லை. கப்பலின் சொந்தச் சுற்றுலா பிந்தினால் கப்பல் காத்து நிற்கும். தனியே போனவருக்கு நிற்காது.

லிவோர்னோ இரண்டு பயணத்திலும் திங்கள். புளோரன்ஸில் உஃபிசி ஓவியக்கூடமும் தாவீது சிலை நிற்கும் அக்கடேமியா கலைக்கூடமும் திங்களில் பூட்டு. இவ்வளவு தூரம் போய்ப் பூட்டிய கதவைப் பார்ப்பதைவிடச் சாய்ந்த கோபுரம் நிற்கும் பைசா நகரோடு நிறுத்துங்கள். கிட்ட, மட்டமான புல்தரை, கோபுரத்தில் ஏறத் தேவையில்லை.

காற்றும் மேற்குக்குத்தான் கொஞ்சம் சாதகம். ஏஜியன் கடலில் கோடை முழுக்க மெல்தெமி என்ற வடக்குக் காற்று வீசும். எங்கட சோழகம் மாதிரி, வானம் துப்புரவாய் இருக்கக் காற்று மட்டும் நாட்கணக்காக நின்று அடிக்கும். பெரிய கப்பலுக்கு அது பொருட்டல்ல, சிறு படகு விட முடியாமற் போவதுதான் பிரச்சினை. அப்படியானால் கப்பல் சன்ரொரினியை விட்டுவிட்டுப் போய்விடும். ஆடி, ஆவணியில் உச்சம், புரட்டாதியில் தணியத் தொடங்கும். சன்ரொரினிக்குக் கிழக்குப் பயணத்தின் 18ஆம் திகதியைவிட மேற்குப் பயணத்தின் 24 சற்று நல்லது, அவ்வளவே. மறுபக்கம், செப்டெம்பர் கடைசியில் மேற்குக் கரையில் இலையுதிர்கால மழை தொடங்கிவிடும், மார்செயில் மிஸ்ட்ரால் காற்றும் வரலாம். உங்கள் பயணத்தில் அது கடைசி இரண்டு மூன்று நாட்கள், குடையோடு சமாளிக்கலாம். இதே கேள்வியை ஒக்ரோபர் கடைசிக்குக் கேட்டிருந்தால் மேற்குக் கரையை முதலில் முடியுங்கள் என்றுதான் எழுதியிருப்பேன்.

முடிவிடமும் முக்கியம். பார்சலோனாவில் துறைமுகத்திலிருந்து விமான நிலையம் ராக்சியில் அரை மணித்தியாலத்துக்குள். பிரேயஸிலிருந்து ஏதென்ஸ் விமான நிலையம் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம். இறங்கும் நாள் சூட்கேசும் வரிசையுமாக அலைக்கழியும் நாள், அன்று கிட்ட இருப்பது பெரிய உதவி. எங்கே முடிந்தாலும் மதியத்துக்கு முன் பிளேன் போடாதீர்கள். தொடக்கத்தில் 2 இரவு முன்னதாகவே ஏதென்ஸ் போங்கள். சூட்கேஸ் ஒரு நாள் பிந்தினாலும் ஏதென்ஸில் கைக்கு வரும், கப்பல் வெளிக்கிட்ட பிறகு அது துறைமுகம் துறைமுகமாகத் துரத்த வேண்டியிருக்கும். பிளேன் ரிக்கற்றைக் கொழும்பு–ஏதென்ஸ், பார்சலோனா–கொழும்பு என்று ஒரே பதிவாக எடுங்கள். இரண்டு ஒருவழி ரிக்கற்றாக எடுத்தால் பெரும்பாலும் கூடப் போகும். கத்தார், எமிரேற்ஸ் இரண்டும் இரு நகரங்களுக்கும் பறக்கின்றன. மகள் சொல்லும் மலிவை, கப்பல் கட்டணத்தோடு இந்த ரிக்கற்றையும் ஹொட்டேலையும் கூட்டிப் பார்த்த பிறகு ஒப்பிடுங்கள்.

கபின் பக்கம் சிறிய விசயம். மேற்கே போகையில் வெய்யில் இடப்பக்கம், இத்தாலியக் கரை வலப்பக்கம். பல்கனி எடுத்தால் வலது. மெசினா நீரிணைக்கும் நேப்பிள்ஸுக்கும் இடையில் ஸ்ரொம்போலி எரிமலை வழியில் வரும். மேற்குப் பயணத்தில் பெரும்பாலும் படுக்கப் போகுமுன், கிழக்கில் நடுச்சாமம் தாண்டி.

கடைசியாக விசா, உங்கள் இலங்கைக் கடவுச்சீட்டுக்கு. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவை எந்த நாட்டில் கூட நாள் நிற்கிறீர்களோ அந்த நாட்டிடம் கேட்க வேணும். சமமென்றால் முதலில் நுழையும் நாடு. மேற்குப் பயணத்தில் 19ஆம் திகதி ஏதென்ஸில் இறங்கினால் கிரேக்கம் 5 நாள், இத்தாலி 3: சந்தேகமில்லாமல் கிரேக்கம். கிழக்கில் 10ஆம் திகதி பார்சலோனா போனால் ஸ்பெயின் 3, இத்தாலி 3, கிரேக்கம் 3, ஆகவே ஸ்பெயின். ஏதென்ஸில் ஒரு இரவு கூடத் தங்கினால் அது கிரேக்கமாக மாறிவிடும். திசையையும் ஹொட்டேல் இரவுகளையும் முடிவு செய்யாமல் படிவம் நிரப்பாதீர்கள். குசாடாசி துருக்கி, ஷெங்கனுக்கு வெளியே. அங்கே போய்த் திரும்புவது இரண்டாவது நுழைவு, எனவே ஒரு தடவை நுழையும் விசா போதாது, படிவத்தில் பலமுறை என்று குறியுங்கள். விண்ணப்பத்தைப் பயணத்துக்கு 6 மாதம் முன்னரே ஏற்பார்கள். கட்டணம் 90 யூரோ, காப்புறுதி குறைந்தது 30,000 யூரோவுக்கு. துருக்கிக்கு உங்கள் இருவருக்கும் தனி விசா வேணுமா, அன்று கப்பலை விட்டு இறங்காவிட்டாலும் வேணுமா என்று மகளைக் கப்பல் கம்பனியிடம் எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். லண்டன் கடவுச்சீட்டோடு வரும் அவவுக்குப் பொருந்துவது உங்களுக்குப் பொருந்தாது. அந்தப் பதில் கையில் வந்த பிறகு முற்பணம் கட்டட்டும்.