“ஒரே நண்பனோடுதான் ஊசி போடுகிறேன்” என்கிறான் தம்பி. பயப்பட வேண்டியதில்லையா?

கேள்வி: என் தம்பி போதை ஊசி போட்டுக்கொள்கிறான். “ஒரே நண்பனோடுதான் போடுகிறேன், அவன் நல்லாத்தான் இருக்கான், சிரிஞ்சைத் தண்ணீரில் கழுவிவிடுவோம், போன மாதம் எச்ஐவி டெஸ்ட் எடுத்தேன், நெகட்டிவ்” என்கிறான். நம்பலாமா?

பதில்: அவர் பொய் சொல்லவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்படியும் கணக்கு தப்புகிறது. ஊசி போடுபவர்களில் பலர் ஆபத்தை ஆளைப் பார்த்தே எடைபோடுகிறார்கள். தெரியாதவன் ஊசியைத் தொடமாட்டார்கள்; நண்பன், மனைவி என்றால் அது ‘பகிர்வது’ என்றே மனதில் பதிவதில்லை. எச்ஐவி தொற்றியவர் பல ஆண்டுகள் திடகாத்திரமாகவே இருக்கலாம்.

ஊசி நரம்பில் ஏறியிருக்கிறதா என்று பார்க்க ரத்தத்தை உள்ளே இழுப்பார்கள். அது ஊசி பொருந்தும் இடத்தில் தங்கிவிடும். ஊசியைக் கழற்றி மாட்டும் சிரிஞ்சில், இன்சுலின் சிரிஞ்சைவிடப் பல மடங்கு அதிகமாகத் தங்கும். தண்ணீர் அதைக் குறைக்கும், போக்காது. குளிர்ந்த இடத்தில் சிரிஞ்சுக்குள் எச்ஐவி வாரக்கணக்கில் உயிரோடு இருந்ததை ஆய்வகச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. கழுவிய தண்ணீர்க் கிண்ணம், மருந்து கரைக்கும் மூடி, வடிகட்டும் பஞ்சு இவை பொதுவாக இருந்தால், தனித்தனி சிரிஞ்ச் வைத்திருந்தும் முழுப் பாதுகாப்பு இல்லை. பலரும் கோட்டைவிடுவது இங்கேதான்.

நெகட்டிவ் முடிவுக்கும் ஒரு வரம்பு உண்டு. நம்பிக்கை மையங்களில் (அரசின் எச்ஐவி பரிசோதனை மையங்கள்) செய்யும் விரைவுப் பரிசோதனை, வைரஸுக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளைத் தேடுகிறது. அது தென்பட 3 மாதம்வரை ஆகலாம். தொற்றிய முதல் சில வாரங்களில்தான் ரத்தத்தில் வைரஸ் மிக அதிகம். ஆக, நண்பர்கள் இருவருக்குமே நெகட்டிவ் வந்திருந்தாலும் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றக்கூடும்.

“ஷேர் பண்றியா?” என்று கேட்டால் “இல்லை” என்றுதான் பதில் வரும். “கடைசியாகப் போட்டபோது யார் முதலில்? தண்ணீர் யாருடையது? புது சிரிஞ்ச் கிடைக்காத அன்று என்ன செய்தாய்?” என்று கேளுங்கள். போதை கிடைக்காமல் உடம்பு முறுக்கி, வாந்தி எடுக்கும் நேரத்தில் எந்த உறுதியும் நிற்காது. கையில் புது சிரிஞ்ச் இருப்பதுதான் அப்போது உதவும்.

1097 எச்ஐவி உதவிக்கான இலவசத் தொலைபேசி எண். அங்கே கேட்டால் அருகிலுள்ள பரிசோதனை மையத்தையும், சிரிஞ்ச் இலவசமாகத் தரும் அமைப்பையும், போதை ஊசிக்குப் பதிலாக நாக்கடியில் வைக்கும் புப்ரினார்ஃபின் மாத்திரை தரும் மையத்தையும் சொல்வார்கள். ஹெராயின் போன்ற ஓபியாய்டு பழக்கத்துக்குத்தான் இந்த மாத்திரை. கடந்த 72 மணி நேரத்துக்குள் பகிர்ந்திருந்தால் தாமதிக்காமல் அரசு மருத்துவமனையின் ஏஆர்டி மையத்துக்கு (எச்ஐவி சிகிச்சை மையம்) போய், எச்ஐவி தொற்றாமல் தடுக்கும் மருந்து பற்றிக் கேட்கட்டும். 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். அதே ரத்தத்தில், கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி வைரஸுக்கான பரிசோதனையும் செய்யச் சொல்லுங்கள். எச்ஐவியைவிட எளிதாக ஊசி வழியே பரவுவது அது; பெரும்பாலோருக்கு 12 வார மாத்திரையில் குணமாகிவிடும்.