கிளம்பும் முன் பைலட் டார்ச் அடித்து விமானத்தைச் சுற்றி வந்தால் ஏதாவது பழுது என்று அர்த்தமா?

கேட்டவர் கோத்தகிரிக்காரர். அம்மாவை முதல் முறையாகக் கோவையிலிருந்து ஏடிஆர் என்ற சின்ன புரொப்பெல்லர் விமானத்தில் கூட்டிப் போகிறாராம். 2021 டிசம்பரில் குன்னூர் பக்கம் ஹெலிகாப்டர் விழுந்ததிலிருந்து அம்மாவுக்குப் பறப்பது என்றாலே பயம். போதாக்குறைக்கு, போன முறை இவர் போனபோது விடியற்காலையில் பைலட் ஒருவர் டார்ச்சோடு விமானத்தைச் சுற்றி வந்ததைப் பார்த்திருக்கிறார்.

பழுது இல்லை, தம்பி. ஒவ்வொரு முறை கிளம்பும் முன்பும் பைலட்டுகளில் ஒருவர் அப்படிச் சுற்றி வந்தே ஆகவேண்டும். வாக் அரவுண்ட் என்போம். யாரும் சுற்றி வராமல் கிளம்பினால்தான் பயப்பட வேண்டும். புரொப்பெல்லர் விமானங்களில் 22 வருடம் டெக்னீஷியனாக இருந்தவன் நான். இப்போது குன்னூரில் சொந்த வீட்டில் இருக்கிறேன்.

என் அப்பா மலை ரயிலில் பிரேக்ஸ்மேன். 1899-இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை ஓடத் தொடங்கிய ரயில் அது. பல்சக்கரப் பாதை என்பதால் இன்றும் பெட்டிக்குப் பெட்டி ஓர் ஆள் பிரேக்கோடு நிற்பார். கல்லாறுக்கு இறங்கும் முன் அப்பா தன் பிரேக்கை ஒருமுறை முழுசாகப் போட்டு விட்டுப் பார்ப்பார். நேற்று சரியாகத்தானே இருந்தது என்று சின்ன வயதில் கேட்டேன். “ராத்திரி என்ன நடந்துச்சுன்னு நமக்குத் தெரியுமாடா?” என்றார். டார்ச் எதற்கு என்ற உங்கள் கேள்விக்கும் அதேதான் பதில்.

டயரில் தேய்மானத்தைவிட வெட்டுக்காயம் முக்கியம். பிரேக்கில் சின்ன ஊசி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும், பிரேக் தேயத் தேய அது உள்ளே போகும். பார்க்கிங் பிரேக் போட்டிருக்கும்போது அது எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்று பார்ப்பார்கள். புரொப்பெல்லர் அலகில் கல் தெறித்த குழி, இன்ஜினுக்குக் கீழே ஆயில் கசிந்த கோடு, இறக்கையிலும் வாலிலும் அசைய வேண்டிய பாகங்கள், விளக்குகள் என்று ஒரு சுற்று முடியும்.

இதில் எனக்கு எப்போதும் மனசு அடித்துக்கொள்வது பிட்டோ குழாய் விஷயத்தில்தான். மூக்குப் பக்கம் விரல் நீளத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். எதிர்க்காற்று அதற்குள் நுழையும் அழுத்தத்தை வைத்துத்தான் விமானத்தின் வேகம் தெரிகிறது. நம் வீட்டு ஜன்னல் கட்டையில் குளவி மண்கூடு கட்டுகிறதல்லவா? அதற்கு இந்த ஓட்டையும் ஒன்றுதான். 1996 பிப்ரவரியில் டொமினிகன் குடியரசில் ஒரு போயிங் 757 கிளம்பிய சில நிமிடங்களில் கடலில் விழுந்து 189 பேரும் இறந்தார்கள். அதற்கு முன் பல நாள் உறை போடாமல் நின்ற விமானம் அது. குளவிதான் குழாயை அடைத்திருக்க வேண்டும் என்பது விசாரணையின் முடிவு. வேகமானி பொய் சொன்னது, பைலட்டுகள் குழம்பிப்போனார்கள்.

அதனால் நிறுத்தி வைக்கும்போது குழாய்க்கு உறை மாட்டுவோம், சிவப்பு நாடா தொங்கும். ஒருமுறை மழைக்காலத்தில் இரண்டு நாள் நின்ற விமானத்தைக் காலை ஐந்து மணிக்குத் தயார் செய்தோம். சுற்றி வந்தேன், நாடா எதுவும் கண்ணில் படவில்லை. கழற்றிய உறைகளைப் போட்டு வைக்கும் பையைப் பிரித்து எண்ணினால் உறை மூன்றுக்கு இரண்டுதான் இருந்தது. திரும்ப ஓடிப் போய்ப் பார்த்தால், நாடா அறுந்துபோய் உறை மட்டும் குழாயில் ஒட்டிக்கொண்டிருந்தது. மழையில் நனைந்து, குழாயோடு குழாயாக இருட்டில் தெரியவே இல்லை. அன்றிலிருந்து கண்ணால் பார்த்தது போதும் என்று விட்டதே இல்லை, கையால் தொட்டு, பையிலும் எண்ணுவேன்.

அப்புறம் அந்த ஹெலிகாப்டர். முப்படை விசாரணை இயந்திரக் கோளாறு இல்லை என்றது. வானிலை திடீரென்று மாறி மேகத்துக்குள் புகுந்ததில் பைலட்டுக்குத் திசை தடுமாறியது என்றது. நம் மலையில் மேகம் எப்படி வந்து மூடும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கோவை ஓடுபாதை சமவெளியில் இருக்கிறது. அங்கேயும் வானிலை அறிக்கையைப் படித்து, இறங்க முடியாவிட்டால் எந்த ஊருக்குப் போவது, அதற்கு எவ்வளவு எரிபொருள் என்று கணக்குப் போட்ட பிறகுதான் கிளம்புவார்கள்.

அம்மாவிடம் இதையெல்லாம் சொல்ல வேண்டாம். விமானத்துக்கு நடந்து போகும்போது மூக்குப் பக்கம் அந்தக் குழாயைக் காட்டுங்கள். அதில் சிவப்பு நாடா தொங்காது, அதைக் கழற்றிய கை உறைகளை எண்ணிப் பையில் போட்டிருக்கும்.